மின்கார்க் குத்தகை விசாரம்

வான சாஸ்திரம் முதல் வைத்தியம் வரை மானிடர் அறிய வேண்டிய விஷயங்கள் அனைத்துக்கும் இலக்கணம் வகுத்துச் சென்ற பெரியோர், அருப்புக்கோட்டையில் தொடங்கித் திருச்சுழி வழியாக நரிக்குடி வரை விரிந்து கிடக்கும் வானம் பார்த்த சீமையில், அப்பத்தா முதல் கைக்குழந்தை வரை ஒரே கூரையின் கீழ் வாழும் ஒரு குடும்பமானது மின்சாரத்தால் ஓடும் கார் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம், தேர்ந்தெடுத்த பின் அதைக் கிரயத்துக்கு வாங்குவதா, குத்தகைக்குப் பிடிப்பதா என்னும் கேள்விக்கு மட்டும் ஒரு சூத்திரமும் எழுதாமல் போனது, தமிழ் அறிவுலகுக்கு நேர்ந்த பெருங்குறை என்றே சொல்ல வேண்டும். அக்குறையை நிவர்த்திக்கும் பொருட்டே இவ்வாராய்ச்சி மேற்கொள்ளப்படுகிறது. இதனால் வேறு பிரயோஜனம் உண்டா என்று கேட்பவர்கள், பட்டத்துக்கென்று எழுதப்படும் மற்ற ஆய்வுகளை நோக்கியும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு வருவார்களாக.

பொருளின் சரித்திரத்தை முதலில் பார்க்கலாம். மின்வண்டி என்பது நேற்று முளைத்த நூதனம் என்று கருதுவோர், 1897-ஆம் ஆண்டிலேயே லண்டனிலும் நியூயார்க்கிலும் பேட்டரியால் ஓடும் வாடகை வண்டிகள் பிரயாணிகளை ஏற்றித் திரிந்தன என்பதையும், பிறக்கும்போதே அவ்வண்டி வாடகையோடு ஒட்டிப் பிறந்தது என்பதையும் அறிந்தாரல்லர். அதனினும் வியப்புக்குரியது, அமெரிக்காவில் கனெக்டிகட் மாகாணத்து ஹார்ட்ஃபோர்டு நகரின் மின்சாரக் கம்பெனி செய்த காரியம். பேட்டரி இல்லாத வெறும் லாரியை ஒருவன் விலைக்கு வாங்கிக்கொள்வது, பேட்டரியைக் கம்பெனி தருவது, தீர்ந்ததைக் கழற்றி நிறைந்ததை மாட்டுவது, ஓடிய மைலுக்கு இவ்வளவு என்றும் மாதத்துக்கு இவ்வளவு என்றும் வசூலிப்பது என்னும் ஏற்பாட்டை, 1910-க்குப் பிந்தைய ஆண்டுகளில் தொடங்கி 1924 வரை அவர்கள் நடத்தி வந்தார்கள். ஆகவே, இன்று நம் ஊர் விற்பனை நிலையங்களில் புத்தம் புதிய யோசனை என்று மேஜை மேல் வைத்து விளக்கப்படும் பேட்டரி வாடகைத் திட்டத்துக்கு வயது நூறு கடந்துவிட்டது. அதே தேசத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1996-ல் இ.வி.1 என்ற காரை விற்கவே மாட்டோம், குத்தகைக்கு மட்டுமே கொடுப்போம் என்று கொடுத்து, சில ஆண்டுகள் கழித்து, நாங்களே விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறோம் என்று ஓட்டியவர்கள் மன்றாடியும் கேளாமல், அத்தனையையும் திரும்ப வாங்கி, பொருட்காட்சிச் சாலைகளுக்குக் கொடுத்த சிலவற்றைத் தவிர, பெரும்பாலானவற்றை நசுக்கிப் போட்டது. குத்தகைக்காரன் பொருளின் மேல் பிரியம் வைக்கலாகாது என்பதற்கு இதைவிடப் பெரிய பிரமாணம் வேண்டியதில்லை.

பாரத தேசத்தில் 2001-ல் பெங்களூரிலிருந்து ரேவா என்ற சிறு வண்டி வந்தது. அதில் இரண்டு பெரியவர்கள் அமரலாம், பின்னால் இரண்டு குழந்தைகள் மடங்கலாம். குடும்பம் என்று சொல்லத்தக்க ஒன்று ஏறக்கூடிய மின்காராக டாடா நெக்ஸான் 2020 ஜனவரியில் வந்து, அவ்வாண்டே மாதச் சந்தாவுக்கும் தரப்பட்டது. சந்தா 41,900 ரூபாயிலிருந்து தொடங்கிற்று. டெல்லி, மும்பை, புணே, ஹைதராபாத், பெங்களூர் என்னும் ஐந்து நகரங்களோடு அந்தப் பாக்கியம் ஆரம்பத்தில் நின்றுவிட்டது. சென்னைக்கே எட்டாதது அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பந்தல்குடிக்கு எட்டாமற் போனதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. பிறகு 2024 செப்டம்பரில் எம்.ஜி. கம்பெனியார் வின்ட்சர் என்ற காரைக் கொண்டுவந்து, உடலுக்கு மட்டும் 9.99 லட்சம், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் வாடகை, முழுவதும் சொந்தமாக வேண்டுமென்றால் ஏறத்தாழ 13.5 லட்சம் என்று அறிவித்தார்கள். அன்று தொடங்கியது அருப்புக்கோட்டையில் தர்க்கம்.

தர்க்கம் எழுந்ததற்குக் காரணம், குத்தகை என்றால் என்னவென்று இச்சீமையாருக்குத் தெரியாது என்பதன்று. மற்றெவரையும்விட நன்றாகத் தெரியும் என்பதே. கண்மாய் மீன்பாசிக் குத்தகை, சாலையோரப் புளியமர மகசூல் ஏலம், கண்மாய்க்குள் மண்டிய சீமைக் கருவேலை வெட்டுவதற்கான ஏலம், நிலத்துக்குக் கட்டுக்குத்தகை, வீட்டுக்கு ஒத்தி என்று, சொத்துரிமையின் நுட்பமான பேதங்களைக் கல்லூரி வாசலை மிதிக்காமலே கரைத்துக் குடித்தவர்கள் இவ்வூர்ப் பெரியவர்கள். பசலி ஆண்டு ஜூலை முதல் தேதி பிறக்கிறது என்பதும், மழை தவறினால் மீனும் தவறும், ஏலத்தொகை தவறாது என்பதும் அவர்கள் அநுபவத்தில் கண்ட சித்தாந்தங்கள். ஆகவே, ஒரு மின்கார் தெருவுக்குள் வந்து நின்றவுடன் அதன் வேகத்தையோ வர்ணத்தையோ விசாரிக்காமல், வாசற்படியில் இருந்தபடியே ஒருவர், “என்னப்பா, ஒத்திக்குப் பிடிச்சதா, கிரயமா?” என்று கேட்கிறார். “மேவண்டி கிரயம் மாமா, பேட்டரி வாடகை” என்று பதில் வருகிறது. சற்று யோசித்துவிட்டு, “அப்ப மரம் நமக்கு, மகசூல் அவனுக்கு” என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். விற்பனைப் பிரதிநிதிகள் பல படங்கள் போட்டு விளக்குவதை ஐந்து வார்த்தைகளில் அடக்கிய அந்த மேதாவிலாசத்தை நான் வணங்குகிறேன். அவரே பின்னர் எழுப்பிய வேறொரு வினாவையும் தொழிலதிபர்களின் கவனத்துக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்: வீட்டுக்கு இருப்பதுபோல் காருக்கும் ஒத்தி கிடையாதா? மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, மாதம் தம்பிடி கொடாமல் மூன்று வருஷம் ஓட்டிவிட்டு, வண்டியைத் திருப்பி விட்டுவிட்டு, கொடுத்த தொகையை முழுதாகத் திரும்ப வாங்கிக்கொள்வதாகிய அந்தத் திட்டம் தரப்படுமானால், மதுரைக்குத் தெற்கே பெட்ரோல் கார் ஒன்றும் மிஞ்சாது.

இனித் தேர்வின் இலக்கணம். ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு தூரம் ஓடும் கார் தேவை என்பதை, தினந்தோறும் ஆபீசுக்குப் போய்வரும் தூரத்தைக் கொண்டு கணக்கிட வேண்டும் என்பது பட்டணத்து ஆசிரியர்களின் மதம். இந்தப் பூர்வபக்ஷத்தை நான் நிராகரிக்கிறேன். திருச்சுழிச் சீமையில் கார் என்பது தினசரி உபயோகத்துக்குரிய பொருளே அன்று. அதன் மெய்யான உபயோகம் இன்னதென்பது, ஒரு விற்பனைக்கூடத்தில், பெட்ரோலே குடிக்காது என்று பெருமையுடன் சொன்ன பையனைப் பார்த்து ஓர் அப்பத்தா கேட்ட கேள்வியில் வெளியாயிற்று. “அது சரி தம்பி, கரண்டு இல்லாத அன்னைக்கு ஒரு கேதம்னா எப்படிப் போறது?” என்றார் அவர். பையன் மதுரைப் பக்கத்தவன்தான். ஆனாலும் அவனுக்குத் தரப்பட்ட பயிற்சியில் கேதம் என்ற அத்தியாயம் இல்லை.

கல்யாணத்துக்குப் பத்திரிகை வருகிறது. காதுகுத்துக்குத் தாய்மாமனுக்கு முந்தியே சொல்லப்படுகிறது. மாசிச் சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயிலுக்குப் போவது பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனைப் பார்க்கப் போவதும் அங்ஙனமே. இவற்றுக்கெல்லாம் முந்தின இரவே சார்ஜ் போட்டுவிடலாம். கேதம் என்னும் சாவுச் செய்தி ஒன்றே முன்னறிவிப்பின்றி, பெரும்பாலும் விடிவதற்குள், செல்போனில் வந்து சேர்வது. எடுப்பதற்குள் போய்ச் சேராவிட்டால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சாக நிற்பது. ஆகவே மின்காரின் தூரத்தை அளக்க வேண்டிய சரியான அளவுகோல், ‘கேத இருப்பு’ என்று நான் பெயரிட விரும்பும் ஒன்றாகும். போகாமல் இருக்க முடியாத உறவுகளில் மிகத் தொலைவில் இருப்பவர் எவரோ, அவர் ஊருக்குப் போய்த் திரும்பும் தூரமே ஒரு வீட்டின் கேத இருப்பு. அந்த அளவு எக்காலத்தும் பேட்டரியில் குறையாமல் நிற்க வேண்டும். அருப்புக்கோட்டை வீட்டுக்குத் தூத்துக்குடியில் சம்பந்தி இருப்பாரானால், போக சுமார் 90, வர சுமார் 90, ஆக 180 கிலோமீட்டர் அவ்வீட்டின் கேத இருப்பு என்று கொள்க.

இந்த இடத்தில் கம்பெனியார் அச்சிடும் தூரத்துக்கும் நெடுஞ்சாலையில் கிடைக்கும் தூரத்துக்கும் உள்ள வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். புணேயில் உள்ள பரிசோதனைச் சாலையிலே உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, நிர்ணயிக்கப்பட்ட கதியில் ஓட்டி அளக்கப்படும் தூரமானது, ஐந்து பேரும், அவர்கள் மடியில் இரண்டு பேரும், சித்திரை வெயிலுக்கு ஏசியும், நான்கு வழிச்சாலையில் மருமகன் காட்டும் வேகமும் சேரும்போது மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடுவது சகஜம். அவ்விதம் கழித்துப் பார்த்தால், 331 என்று அச்சிட்ட வின்ட்சர் 220 தரும். 24 யூனிட் பேட்டரியும் 315 என்ற விளம்பரமும் கொண்டு 2022-ல் வந்த டாடா டியாகோ 210 தரும். இரண்டும் தூத்துக்குடிச் சம்பந்தியைத் தாங்கும். 230 என்று அச்சிட்ட எம்.ஜி. காமெட் 153-ல் நின்றுவிடும். காமெட்டுக்கு இரண்டே கதவுகள் என்பதும், பின்னால் உட்கார வேண்டுமானால் முன்னிருக்கையை மடக்கி இடுக்கு வழியாக நுழைய வேண்டும் என்பதும், அப்பத்தா அதைப் பார்த்ததும் “இதுல ஏறுறதுக்கு நான் நடந்தே போயிருவேன்” என்று சொல்லிவிட்டதும் அதனை விசாரணையிலிருந்தே விலக்கப் போதுமானவை. வின்ட்சரின் பின்னிருக்கையோ 135 பாகை வரை சாய்கிறது. மூட்டுவலிக்காரர்களுக்கு அது பரம உபகாரம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கேத வீட்டுக்கு மல்லாந்தபடி போய் இறங்குவது மரியாதையாகுமா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு.

முள்ளைப் பற்றி இரண்டு வார்த்தை. கடைசி இரண்டு கிலோமீட்டர் சீமைக் கருவேலுக்கு நடுவில் போகும் ஊர்களில் டயர் பஞ்சராவது விபத்தில்லை, வழக்கம். மின்கார்களில் பலவற்றுக்கு ஸ்டெப்னி இல்லை. ஒட்டுகிற பசையும் காற்றடிக்கும் சிறு கருவியும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒருவரும் கையெழுத்துப் போடலாகாது.

இனி, இவ்வாராய்ச்சியின் இதயமாகிய எர்த் குழிக்கு வருகிறோம். மின்கார் வாங்குகிறவர்கள் அதன் விளக்கு, திரை, பாட்டுப்பெட்டி முதலியவற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள். தம் வீட்டுப் புறக்கடையில் மண்ணுக்குள் இறங்கும் ஒரு கம்பியைப் பார்ப்பதில்லை. 15 ஆம்பியர் ப்ளக்கில் சார்ஜரைச் செருகினால், அது முதலில் செய்யும் காரியம் எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதிப்பதேயாகும். இல்லையென்று கண்டால் சிவப்பு விளக்கை எரியவிட்டுச் சத்தியாக்கிரகம் செய்யும். ஈர மண் மின்சாரத்தை எளிதில் வாங்கிக்கொள்ளும், காய்ந்த மண் வாங்காது என்பது பௌதிக சாஸ்திரம். பங்குனி, சித்திரையில் கரிசல் தரை ஒரு சாண் அகலத்துக்குப் பிளந்து கிடக்கும்போது, ஆறு மாதத்துக்கு முன் ஒழுங்காக வேலை செய்த எர்த், மண்ணைவிட்டு விலகி அந்தரத்தில் தொங்குவது போலாகிவிடுகிறது. இதற்குப் பரிகாரம், குழி வெட்டிக் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு நடுவில் குழாயை நட்டு, அவ்வப்போது அதன் வாயில் தண்ணீர் ஊற்றி வருவது. கரிக்குக் குறைவில்லை, கருவேல மரத்தை மூட்டம் போட்டுக் கரியாக்கி லாரி லாரியாக ஏற்றும் சீமை இது. உப்பு தூத்துக்குடியிலிருந்து வருகிறது. தண்ணீர்தான் பிரச்சினை. குழாயில் தண்ணீர் வரும் நாளைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு, அண்டா, குடம், டிரம், சொம்பு என்று வரிசையாக நிரப்பும் ஒரு வீட்டில், கடைசி வாளியைக் கொண்டுபோய் ஒரு குழிக்குள் ஊற்று என்று மருமகளிடம் சொல்வதற்கு எத்தகைய ஆத்ம பலம் வேண்டும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். “கார் தண்ணி கேக்காதுன்னு சொன்னீகளே?” என்று கேட்டால், கார் கேட்கவில்லை, பூமாதேவி கேட்கிறாள் என்றுதான் பதில் சொல்ல வேண்டும்.

வெயிலுக்கு மட்டும் இங்கே பஞ்சமில்லை. பக்கத்துக் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைந்து, அவ்வாண்டில் உலகத்தார் கண்களையெல்லாம் தன்பால் இழுத்தது. எந்த வெயில் நம் மிளகாயை வற்றலாக்குகிறதோ அதே வெயில் நம் காரையும் ஓட்டுகிறது என்று நினைத்துக்கொள்ள இன்பமாக இருக்கிறது. ஆனால் அந்த மின்சாரம் பெருங்கம்பியேறித் தேசம் முழுவதையும் சுற்றிவிட்டு, மின்வாரியத்தின் மீட்டர் வழியாகத்தான் நம் வீட்டுக்குள் நுழைகிறது. நுழையும்போது விலையோடு நுழைகிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற 2016-ஆம் ஆண்டுச் சலுகையை மின்விசிறியும் கிரைண்டரும் ஏற்கெனவே பங்கிட்டுத் தின்றுவிட்டன. ஒரு யூனிட்டுக்கு ஆறேழு கிலோமீட்டர் என்று கொண்டால், மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் கார் இரண்டு மாதத்தில் 300 யூனிட்டைச் சாப்பிடும். இதுகாறும் 500-ஐத் தாண்டாமல் கட்டிக் காத்த குடும்பம் தாண்டிவிடும். தாண்டினால் கீழ்ப்படிகளுக்கும் சேர்த்து விலை ஏறும். கைத்தறிக்கு 300 யூனிட்டும் விசைத்தறிக்கு 1,000 யூனிட்டும் இலவசம் என்று 2023-ல் ஆனதை எண்ணி, தறிக் கொட்டகையிலிருந்து ஒரு வயரை இழுத்தால் என்ன என்ற சிந்தனை அருப்புக்கோட்டை நெசவாளர் தெருக்களில் எழக்கூடும். அது நெய்வதற்கென்று கொடுத்த மின்சாரம். கார் நெய்யாது. பிடிபட்டால் தறிக்கும் ஆபத்து.

குத்தகையின் கணக்கோ மிகவும் எளிது. வின்ட்சரின் 2024 விலைப்படி, உடல் மட்டும் வாங்குவதற்கும் முழுதும் வாங்குவதற்கும் வித்தியாசம் மூன்றரை லட்சம். வாடகை கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய். ஆகவே லட்சம் கிலோமீட்டர் ஓடினால் இரண்டும் சமம். மாதம் ஆயிரம் ஓடும் வீட்டில் இதற்கு எட்டு வருஷமும் நான்கு மாதமும் ஆகும்; வட்டியையும் சேர்த்தால் இன்னும் தள்ளிப்போகும். அதுவரை வாடகைக்காரன் கட்சி ஜெயிக்கிறது. வெயிலில் பேட்டரி மூப்படைந்தாலும் அது அவன் கவலையன்று. ஆனால் கார் ஓடாவிட்டாலும் மாதத்துக்கு இத்தனை கிலோமீட்டர் ஓடியதாகவே கொள்ளப்படும் என்று ஒரு ஷரத்து ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் இருக்குமானால் நிலைமை தலைகீழ். உதாரணமாக 1,500 என்று வைத்தால், வண்டி வேப்பமரத்தடியில் காக்கை எச்சம் சுமந்து நின்றாலும் மாதம் 5,250 ரூபாய் போய்க்கொண்டிருக்கும். மழை தவறிய வருஷத்து மீன்பாசி ஏலம் என்பது இதுதான்.

முழுக் காரையும் குத்தகைக்குப் பிடிக்கும் முறையில் இதற்கு எதிரிடையான விபரீதம் உண்டு. அங்கே வருஷத்துக்கு இவ்வளவுதான் ஓட்டலாம், மேற்பட்டால் கிலோமீட்டருக்கு அபராதம் என்று விதிப்பது வழக்கம். உறவில் வயதானவர்கள் நிறைந்த குடும்பம் ஒன்று, ஐப்பசி, கார்த்திகையில் அந்த எல்லையைத் தொட்டுவிட்டால், மார்கழியில் வரும் செய்திக்கு என்ன செய்வது? சம்பந்தியிடம், கிலோமீட்டர் தீர்ந்துவிட்டது, தை பிறந்ததும் வருகிறோம் என்று சொல்ல முடியுமா? மேலும், திருப்பிக் கொடுக்கும்போது சாதாரணத் தேய்மானத்துக்கு மேற்பட்ட சேதம் எதுவும் இருக்கக் கூடாது என்ற நிபந்தனை. எலுமிச்சம்பழத்தை நான்கு சக்கரமும் நசுக்க வேண்டும்; முகப்பில் மூன்று விரலால் சந்தனம் பூசிக் குங்குமம் வைக்க வேண்டும்; ஆயுதபூஜைக்குப் பூசணிக்காய் உடைக்க வேண்டும்; பின்கண்ணாடியில் பிள்ளைகளின் பெயரும் குலதெய்வத்தின் பெயரும் ஒட்ட வேண்டும். மூன்று வருஷம் வெயிலில் வெந்த சந்தனத்தைச் சுரண்டினால் பெயிண்டும் கூடவே வருகிறது. இது தேய்மானமா, சேதமா, பக்தியா என்று நிர்ணயிக்கும் அதிகாரம் குத்தகைக் கம்பெனியின் பரிசோதகருக்கு இருக்கிறதேயன்றிப் பூசாரிக்கு இல்லை. சட்டம் விலக்கியும் சம்பிரதாயம் விலக்காத சீர்வரிசைப் பேச்சில் இவ்வண்டியின் அந்தஸ்து என்ன என்பது இன்னும் சிக்கலானது. மூன்று வருஷத்தில் திரும்பிப் போய்விடும் காரைப் பந்தலில் நிறுத்திய மாமனாரை நான் இதுவரை சந்திக்கவில்லை.

1879-ல் திருச்சுழியில் ஒரு வக்கீலின் மகனாகப் பிறந்து, பின்னர் ரமண மகரிஷியாக அருணாசலத்தில் அமர்ந்தவர், உடம்பு வேறு, நான் வேறு என்னும் விசாரத்தை உலகுக்குக் கொடுத்தார். அதே மண்ணில் இன்று உடல் என்னுடையது, அதை ஓட்டும் பேட்டரி மட்டும் இன்னொருவருடையது என்று காருக்கு ஆர்.சி. புத்தகம் வாங்குகிறோம். தவணை தவறிப் பேட்டரி ஒருநாள் நின்றுவிட்டால் பச்சை நம்பர்ப் பலகையோடு வாசலில் எஞ்சி நிற்பது யாருடைய கார் என்ற கேள்விக்கு விடை சொல்லும் தகுதி எனக்கில்லை.

ஆயினும் தீர்ப்பு ஒன்று சொல்லித்தானாக வேண்டும். முழுக் குத்தகை இச்சீமைக்கு ஆகாது. கேதத்துக்கு எல்லை வகுக்கும் எந்தப் பத்திரத்திலும் இங்கே கையெழுத்துப் போட முடியாது. மாதம் ஆயிரத்துக்கு மேற்படாமல் ஓடும் வீட்டார், குறைந்தபட்சக் கிலோமீட்டர் ஷரத்து இல்லையென்று எழுத்தில் கண்டால் பேட்டரியை மட்டும் வாடகைக்கு வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் நகையை வைத்தாவது முழுக் கிரயமாக முடித்துவிடுவதே உத்தமம். எதைச் செய்வதாயினும், வண்டி பார்க்க மதுரைக்குக் கிளம்புமுன் உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து எர்த் குழியைச் சோதித்துக்கொள்ளுங்கள். அவரை வரச் சொல்லும் நாள் குழாயில் தண்ணீர் வரும் நாளாக இருக்கட்டும்.